விசைக்கும் எழுத்துக்கும் இடையில்: வரைகலை நிரல்களுக்குள் தமிழ் நுழைந்த வரலாறு

கணினித் திரையின் ஒரு பெட்டியில் ‘விளக்கு’ என்று எழுதுகிறோம். விரல் விசையைத் தொடுவதற்கும் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் இடையே கழியும் நேரத்தைக் கண்ணால் அளக்க இயலாது. ஆயினும் அந்த நேரத்துக்குள் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. விசை அழுத்தப்பட்டது என்பது ஒரு நிகழ்வு. அந்நிகழ்வு எந்த எழுத்து என்பது ஒரு முடிவு. முன்னதும் பின்னதும் ஒன்றே என்று வரைகலை நிரலாக்கத்தின் தொடக்ககால வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் கருதினர். அவர்கள் முன் இருந்த ஆங்கிலத் தட்டச்சுப்பொறி அவ்வாறு கருத இடம் தந்தது. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, இக்கருத்தை எதிர்த்து நடந்த நீண்ட முயற்சியின் வரலாறு. விசைக்கும் எழுத்துக்கும் இடையே அமர்ந்து தீர்ப்பு வழங்குபவர் யார் என்பதே இப்பதிவின் கேள்வி.

இக்கேள்வி திருப்பதியிலும் சித்தூரிலும் தனிப் பொருள் பெறுகிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்து, 1953இல் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. 1960இன் எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடுகள் பலமுறை நகர்ந்தாலும் இப்பகுதியின் இருமொழி வழக்கு நிலைத்திருக்கிறது. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகுதியானவை தமிழில் உள்ளன. சமஸ்கிருதச் சொற்கள் வருமிடங்களில் கிரந்த எழுத்துகள் கலந்திருக்கின்றன. 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. இன்று இக்கல்வெட்டுகளைக் கணினியில் பதிக்க முனையும் மாணவர் ஒருவர் காலையில் தெலுங்கும் மாலையில் தமிழும் தட்டச்சு செய்பவர். அவருடைய விசைநிகழ்வுகளை யார் பொருள்கொள்கிறார் என்பது அவருடைய ஆய்வின் நம்பகத்தன்மையைத் தொடும் செய்தி.

1. நகரா விசை

கணினிக்கு முன்பே இச்சிக்கல் எழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அவர் கண்ட வழி நகரா விசை. எழுத்தின் மேல் அமரும் குறியை முதலில் அடித்தால் தாள் நகராது. அடுத்து மெய்யை அடிக்கும்போது அது அதே இடத்தில் பதிந்து, இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தாகும்.

இங்கே நிகழ்வது நிரலாக்க மாணவர்கள் ‘நிலை’ என்று படிக்கும் கருத்தே. முதல் அழுத்தத்தின் பொருள் முழுமையடையவில்லை, அடுத்த அழுத்தம் வரும்வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத் தாங்கியது நகராமல் நின்ற வண்டி. ஒரு விசை ஓர் எழுத்து என்ற சமன்பாடு தமிழில் பொருந்தாது என்பதை இரும்பும் நாடாவும் கொண்ட பொறியே உணர்ந்திருந்தது.

2. நிகழ்வுச் சுழல்

பழைய கணினி நிரல்களில் உரையாடலை நடத்தியது நிரல். அது கேட்கும், பயனர் விடையளிப்பார். வரைகலை இடைமுகம் இம்முறையைத் தலைகீழாக்கியது. 1963இல் ஐவன் சதர்லண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் ஒளிப்பேனாவின் தொடுகைக்குத் திரையில் விடையளித்தது. 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டியைப் பொதுமேடையில் காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆல்டோ கணினி இயங்கத் தொடங்கியது. பயனர் அடுத்து எதைத் தொடுவார் என்பதை இவற்றில் எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே நிரல் காத்திருக்கக் கற்றது.

1984இல் வந்த மெக்கின்டாஷ் இந்தக் காத்திருப்பை ஒழுங்குபடுத்தியது. சுட்டியின் சொடுக்கும் விசையின் அழுத்தமும் ஒரு வரிசையில் சேரும். நிரல் ஒரு சுழலுக்குள் நின்று, வரிசையின் முன்னால் உள்ள நிகழ்வை எடுத்து, அதற்குரிய செயலைச் செய்து, மீண்டும் வரிசைக்குத் திரும்பும். 1985இன் விண்டோஸ் 1.0, அதே காலத்தில் எம்ஐடியில் வளர்ந்த எக்ஸ் விண்டோ ஆகியவற்றின் அடிப்படையும் இதுவே. இன்றைய உலாவியும் கைபேசியும் இந்தச் சுழலைக் கைவிடவில்லை.

இந்த வரிசையில் சேரும் விசைநிகழ்வு தன்னுள் என்ன செய்தியைச் சுமந்து வந்தது என்பதை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். மெக்கின்டாஷின் நிகழ்வுப் பதிவில் விசையின் எண்ணுக்கு ஒரு பைட்டும் எழுத்தின் எண்ணுக்கு ஒரு பைட்டும் ஒதுக்கப்பட்டிருந்தன. அதாவது ஓர் அழுத்தம், ஓர் எழுத்து, 256 வாய்ப்புகள். விண்டோஸ் சற்று நெகிழ்வானது. விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி முதலில் வரும். நிரல் அதை ‘டிரான்ஸ்லேட்மெசேஜ்’ என்ற செயற்கூறுக்கு அனுப்பினால், எழுத்து என்ற இரண்டாவது செய்தி பிறக்கும். விசை வேறு, எழுத்து வேறு என்ற பகுப்பு அங்கே உருக்கொண்டது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பின் விதிகள் ஐரோப்பிய மொழிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

3. வேடமிட்ட எழுத்துருக்கள்

தமிழர்கள் முதலில் எடுத்த வழி நிகழ்வைத் தொடாமல் விடுவது. ஆங்கில எழுத்தின் எண்ணுக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்த எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும். நிரல் ஆங்கில எழுத்தைப் பெற்றதாகவே எண்ணும், திரையில் மட்டும் தமிழ் தெரியும். அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் இம்முறை பரவியது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை போன்ற எழுத்துருக்கள் புலம்பெயர்ந்தோரிடையே தமிழ் மின்னஞ்சலைச் சாத்தியமாக்கின.

இதற்குக் கொடுத்த விலை குறைவன்று. தட்டச்சுப்பொறியின் வழக்கப்படி ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் பதிவாகும். கண்ணுக்கு அது சரி, கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் இயலாது. எழுத்துரு மாறினால் உரை சிதையும். இடையில் அமர வேண்டிய தீர்ப்பாளர் இருக்கை காலியாக விடப்பட்டதன் விளைவு இது.

4. இடைமறித்தவர்கள்

அந்த இருக்கையில் வெவ்வேறு கொள்கைகளோடு இரு தரப்பினர் அமர்ந்தனர்.

முதல் தரப்பு இந்திய அரசின் தொழில்நுட்பர்கள். கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தோடு இணைந்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. 1986இல் மின்னணுவியல் துறை அதைத் தரப்படுத்தியது, 1988இல் திருத்தியது. பிராமி வழிவந்த எழுத்துகளுக்கெல்லாம் ஒலி ஒப்புமை உண்டு என்பதே அதன் அடித்தளம். ஆங்கிலக் ‘கே’ விசையை அழுத்தினால் தமிழில் ககரம் வரும், தெலுங்கிலும் ககரமே வரும். தெலுங்கு விசைகளைப் பழகியவருக்குத் தமிழ் விசைகளில் பாதிக்குமேல் முன்பே பழகியவை. திருப்பதியின் இருமொழியாளருக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு வேறில்லை. இன்ஸ்கிரிப்டில் உயிரெழுத்துக்கு ஒரு விசை, உயிர்க்குறிக்கு ஒரு விசை, புள்ளிக்கு ஒரு விசை. விசை அழுத்தத்துக்கும் சேமிக்கப்படும் குறிக்கும் ஏறத்தாழ நேரடித் தொடர்பு உண்டு. முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாம் தரப்பு சிங்கப்பூர், மலேசியா, தமிழகத்தின் தன்னார்வலர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி கணியன் உள்ளீட்டு முறையை உருவாக்கினார். இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம்99 மாநாடு கூடியது. அதன் விளைவான தமிழ்99 விசைப்பலகையை அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்றது. உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். தனியே அழுத்தினால் இகர விசை ‘இ’ தரும், ககரத்தை அடுத்து அழுத்தினால் அதே விசை ‘கி’யை உருவாக்கும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதற்ககரம் தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’, ணகரத்தை அடுத்து டகரம் வந்தால் ‘ண்ட’. தமிழ்ச் சொற்களில் எழுத்துகள் மயங்கும் இயல்பை விசைநிகழ்வின் விதியாக்கியது இவ்வடிவமைப்பு. முத்தையாவின் நகரா வண்டி தாங்கிய நிலையை இங்கே ஒரு மென்பொருள் தாங்கியது.

இதை நிறைவேற்றும் வழி எளிதாக இருக்கவில்லை. விண்டோஸில் ‘கொக்கி’ என்று பொருள்படும் ஒரு வசதி உண்டு. விசைநிகழ்வு உரிய சாளரத்தை அடைவதற்கு முன்பே மற்றொரு நிரல் அதை இடைமறித்து விழுங்கிவிட்டு, தான் விரும்பும் வேறு நிகழ்வுகளை அனுப்பலாம். ஒலிபெயர்ப்பு முறையில் ‘கே’ விசை ‘க்’ தருகிறது. அடுத்து ‘ஐ’ விசை வந்தால் அது ‘கி’ ஆக வேண்டும். இடைமறிக்கும் நிரல் என்ன செய்யும்? பயனர் அழுத்தாத பின்னழிப்பு விசையொன்றை அனுப்பிப் புள்ளியை அழிக்கும். பிறகு இகரக் குறியை அனுப்பும். ஆஸ்திரேலியாவின் கீமேன் மென்பொருளும், அதன்மேல் முதலில் அமைந்த இ-கலப்பையும், பின்னர் வந்த என்எச்எம் ரைட்டரும் தமிழர்களின் கணினிகளில் பரவின. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல்களில் தமிழ் எழுத முடிந்தது, அந்நிரல்களின் ஆசிரியர்களுக்குத் தெரியாமலேயே.

5. முறையான வாயில்

சீன, ஜப்பானிய மொழிகளுக்குத் திருட்டுவழி போதவில்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை உரை முடிவுறாமல் நிற்க வேண்டும். ஆகவே எக்ஸ் விண்டோவிலும் விண்டோஸிலும் உள்ளீட்டு முறைக்கென்று தனி இடம் 1990களில் உருவானது. ஜப்பானில் எழுதப்பட்ட எம்17என் நூலகம் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு ஆகிய அமைப்புகளையும் தாங்கி லினக்ஸ் கணினிகளுக்கு வந்தது.

எழுத்துகளின் சேமிப்பிலும் மாற்றம் வந்தது. 1991இல் வெளியான யுனிகோடில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த தொகுதிகளாக இடம்பெற்றன. விண்டோஸ் 2000 தமிழை நேரடியாகத் தாங்கியது. தெலுங்கு அதற்கு 2001இன் எக்ஸ்பி வரை காத்திருந்தது. ஒரே நகரத்தின் இரு மொழிகளுக்கு இரு வேறு ஆண்டுகளில் கதவு திறந்தது. 2010இல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது.

இணையத்தில் விசைநிகழ்வின் வரலாறு மேலும் படிப்பினை தருவது. 2000 நவம்பரில் வெளியான டாம் இரண்டாம் நிலை நிகழ்வுத் தரத்தில் சுட்டிக்கு விரிவான விதிகள் உண்டு, விசைப்பலகைக்கு விதி இல்லை. அது பின்னொரு பதிப்புக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு உலாவியும் தன் போக்கில் நடந்தது. உள்ளீட்டு முறை ஒன்று இடையில் இயங்கும்போது நிரலுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 229 என்ற எண் மட்டுமே. ‘ஏதோ ஒரு விசை அழுத்தப்பட்டது, எழுத்து இன்னும் முடிவாகவில்லை’ என்பதே அதன் பொருள்.

பின்னர் வந்த தரம் இரு தெளிவுகளைத் தந்தது. முதலாவது, ஒரு விசைநிகழ்வு இப்போது இரு பெயர்களைச் சுமக்கிறது. ‘கோட்’ என்ற பண்பு எந்த இடத்து விசை என்று சொல்லும், ‘கீ’ என்ற பண்பு அது தரும் எழுத்தைச் சொல்லும். இரண்டாவது, ‘காம்பொசிஷன்ஸ்டார்ட்’, ‘காம்பொசிஷன்அப்டேட்’, ‘காம்பொசிஷன்எண்ட்’ என்ற மூன்று நிகழ்வுகள் எழுத்து உருவாகும் காலத்தைத் தொடக்கம், மாற்றம், முடிவு என்று நிரலுக்கு அறிவிக்கின்றன. இடையில் ஒரு தீர்ப்பாளர் உண்டு என்பதைக் கணிமை உலகம் ஏட்டில் ஒப்புக்கொண்டது இங்கேதான்.

கைபேசி அடுத்த படிக்குச் சென்றது. 2005இல் செல்லினம் கைபேசியில் தமிழைக் கொண்டுவந்தபோது எண்விசைகளாவது இருந்தன. தொடுதிரையில் விசையே இல்லை. ஆண்ட்ராய்டில் உள்ளீட்டு முறை நேரடியாக உரையை ஒப்படைக்கிறது, அல்லது முன்னுள்ள உரையை நீக்குமாறு கேட்கிறது. விசைநிகழ்வு வந்தே தீரும் என்ற உறுதி எதுவும் அங்கே இல்லை.

6. கல்லில் இல்லாத புள்ளி

இத்தனை வரலாறும் திருப்பதியின் ஆய்வு மாணவருக்கு ஏன் வேண்டும்? ஒரு சொல்லைக் கொண்டு விளக்கலாம். கோயில்களுக்கு விளக்குக் கொடை அளித்த செய்தி கல்வெட்டுகளில் பெருவழக்கு. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. நாம் ‘விளக்கு’ என்று படிக்கும் சொல் கல்லில் ‘விளககு’ என்றே வெட்டப்பட்டிருக்கும். உள்ளதை உள்ளபடி பதிவுசெய்ய விரும்பும் மாணவர் தமிழ்99 முறையில் ககரத்தை இருமுறை அழுத்துகிறார். திரையில் ‘க்க’ தோன்றுகிறது. கல்லில் இல்லாத புள்ளி சான்றுக்குள் புகுந்துவிடுகிறது. அதை இட்டவர் கல்தச்சரும் அல்லர், படித்தவரும் அல்லர். 1999இல் வகுக்கப்பட்ட ஒரு நல்ல விதி, தனக்கு உரியதல்லாத இடத்தில் செயல்பட்டிருக்கிறது.

இதற்கு விடை உண்டு. இரு ககரங்களுக்கு நடுவே அகர விசையை அழுத்தினால் புள்ளி விழாது, ‘கக’ கிடைக்கும். முன்னெழுத்தைப் பார்க்காத இன்ஸ்கிரிப்டில் இச்சிக்கலே எழாது. அன்றாட எழுத்துக்குத் தமிழ்99 விரைவானது, மூலப்படியெடுப்புக்கு இன்ஸ்கிரிப்ட் பாதுகாப்பானது என்பது என் கருத்து. எந்த முறையைப் பயன்படுத்தினோம், புள்ளியை நாம் இட்டோமா, கல்லிலேயே இருந்ததா என்பதைப் பதிப்பின் முன்னுரையில் குறிப்பிடுவது நம் துறையின் வழக்கமாக வேண்டும். மைப்படி எடுத்த முறையைக் குறிப்பிடும் நாம், உள்ளீட்டு முறையைக் குறிப்பிடாமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

கிரந்தத்தில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கும் கல்வெட்டில் அத்தொடர் கிரந்தத்தில் இருக்கும். கிரந்தத்துக்கு யுனிகோடில் தனித் தொகுதி கிடைத்தது 2014இல்தான், 7.0 பதிப்பில். அதன் எண்கள் 65,536 என்ற பழைய எல்லைக்கு அப்பால் உள்ளவை. ஆகவே விண்டோஸ் நிரலொன்றுக்கு ஒரு கிரந்த எழுத்து இரண்டு எழுத்துச் செய்திகளாக வந்துசேரும். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை இரண்டு என்று எண்ணும். ஒரு செய்தி ஓர் எழுத்து என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அவ்வெழுத்தை இரண்டாகப் பிளந்துவிடும். 1984இன் ஒற்றை பைட்டு நம்பிக்கை இன்னும் முழுதாக மறையவில்லை.

பின்னழிப்பிலும் இதே நிழல் உண்டு. இலக்கணத்தில் ‘கோ’ ஓரெழுத்து. யுனிகோடில் அது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் குறி மட்டும் நீங்க வேண்டுமா, முழு எழுத்தும் நீங்க வேண்டுமா? விண்டோஸின் வழக்கத்தில் பின்னழிப்பு குறியை மட்டும் நீக்குகிறது, ‘டெலீட்’ விசை முழு எழுத்தையும் நீக்குகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை ஆராய்ந்து முடிவுசெய்தவர்களிடையே தமிழ் இலக்கணம் கற்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று கேட்கத் தோன்றுகிறது.

7. மாணவர்களுக்கு

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 2015இல் தொடங்கிய ஐஐடியும் உள்ளன. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிரலாக்கம் கற்போரும் கல்வெட்டு கற்போரும் ஒரே நிலப்பரப்பில் வாழ்கின்றனர். ஒருவர் துறையின் கேள்வி மற்றவர் துறையை எட்டுவதுதான் அரிது.

நிரலாக்கம் கற்போர் செய்யத்தக்கவை சில உள்ளன. உரைப்பெட்டியில் பயனர் என்ன எழுதினார் என்று அறிய ‘கீடவுன்’ நிகழ்வை நம்பாதீர்கள். ‘இன்புட்’ நிகழ்வைக் கேளுங்கள். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் உரையைச் சரிபார்க்கவோ அனுப்பவோ வேண்டாம், முடிவு நிகழ்வு வரும்வரை பொறுத்திருங்கள். குறுக்கு விசைகளுக்கு விசையின் இடத்தையும் உரைக்கு எழுத்தையும் பயன்படுத்துங்கள். எழுத்தெண்ணிக்கை வேண்டுமெனில் குறிகளை எண்ணாமல், பயனர் ஓரெழுத்தாகக் காணும் கூட்டங்களை எண்ணுங்கள். உங்கள் நிரலை ‘விளக்கு’ என்றும் ‘விளககு’ என்றும் எழுதிச் சோதியுங்கள். இரண்டும் தட்டியபடியே பதிவாகின்றனவா, ஒன்றைத் தேடும்போது மற்றதும் கிடைக்க வழி உண்டா என்று பாருங்கள்.

கல்வெட்டும் இலக்கியமும் கற்போருக்கும் ஒரு கடமை உண்டு. உள்ளீட்டு விதிகள் தொழில்நுட்பர்களின் தனிச்சொத்து அல்ல. எழுத்து மயக்கம், புள்ளி, குறில் நெடில் வேறுபாடு, கிரந்தக் கலப்பு ஆகியவை நம்முடைய பாடங்கள். இவை விசைநிகழ்வின் விதிகளாக மாறும்போது அவற்றைப் படித்துப் பார்க்கவும் மறுக்கவும் திருத்தவும் நாம் கற்றிருக்க வேண்டும். விசைக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இருக்கை என்றும் காலியாக இருப்பதில்லை. மொழி அறிந்தவர் அங்கே அமராவிட்டால் மொழி அறியாத ஒரு வழக்கம் அமர்ந்துகொள்ளும். அதன் தீர்ப்பே நாளை நம் கல்வெட்டுகளின் பாடமாக நிலைத்துவிடும்.